எஃப்பிஎல் வாராந்திர வழிகாட்டி: யாரை மாற்றலாம், யாரைக் கேப்டன் ஆக்கலாம்?

ஃபேன்டஸி பிரீமியர் லீக் (எஃப்பிஎல்) என்பது இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்து நாமே ஓர் அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு. அதை ஆடுகிறவர்களுக்கு வாரா வாரம் இரண்டு வேலை. ஒன்று, யாரை விற்று யாரை வாங்குவது என்று முடிவு செய்வது. இன்னொன்று, யாரைக் கேப்டன் ஆக்கி அவர் புள்ளியை இரட்டிப்பாக்குவது என்று முடிவு செய்வது. இரண்டையும் ஒரே டெட்லைனுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த வாரம் லேசான எதிரணி கிடைத்திருக்கிறது என்று ஒருவரை வாங்கி, அவரையே கேப்டனும் ஆக்கிவிட்டு, அடுத்த வாரம் அவரை என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

டிரான்ஸ்ஃபர், அதாவது ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது, அடுத்த ஐந்தாறு ஆட்டங்களைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. கேப்டன் தேர்வுக்கு இந்த ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். இதைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டாலே வாராந்திரத் தலைவலியில் பெரும்பகுதி குறைந்துவிடும். கீழே சொல்லியிருக்கும் விதிகள் எல்லாம் 2025-26 பருவத்துக்கானவை.

முதலில் கணக்கு

அணியில் 15 பேர்: 2 கோல்கீப்பர், 5 டிஃபென்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு. கையிருப்பு 100 மில்லியன். ஒரே கிளப்பிலிருந்து அதிகபட்சம் 3 பேர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிரான்ஸ்ஃபருக்கும் கேப்டனுக்கும் உண்மையிலேயே உதவுவது புள்ளிக் கணக்குதான், அதைப் பலரும் மேலோட்டமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

கோல் அடித்தால் ஃபார்வர்டுக்கு 4 புள்ளி, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபென்டருக்கு 6. அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) யார் கொடுத்தாலும் 3. கிளீன் ஷீட்டுக்கு (அணி ஒரு கோலும் வாங்காமல் இருப்பதற்கு) கோல்கீப்பருக்கும் டிஃபென்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1, ஃபார்வர்டுக்கு ஒன்றும் கிடையாது. 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைவாக ஆடினால் 1. 2025-26 பருவத்தில் தற்காப்புப் பங்களிப்புக்கும் 2 புள்ளி வந்திருக்கிறது. டிஃபென்டர் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 எடுக்க வேண்டும். மிட்ஃபீல்டரும் ஃபார்வர்டும் பந்தை மீட்டதையும் சேர்த்து 12 எடுக்க வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். 2022-23இல் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 36 கோல் அடித்தார். கோலுக்கு மட்டும் அவருக்குக் கிடைத்தது 144 புள்ளி. 2024-25இல் லிவர்பூலின் முகமது சலா 29 கோல் அடித்தார். மிட்ஃபீல்டர் என்பதால் அவருக்கு 145. ஏழு கோல் குறைவு, ஆனாலும் ஒரு புள்ளி கூடுதல். அதற்கு மேல் 18 அசிஸ்டும் சேர்ந்து சலா அந்தப் பருவத்தை 344 புள்ளியில் முடித்தார். இந்த விளையாட்டில் ஒருவர் ஒரு பருவத்தில் எடுத்த அதிகபட்சம் அது. ஹாலண்டின் 36 கோல் பருவம் முடிந்தது 272இல். ஆகவே கோல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இரண்டு பேரில், மிட்ஃபீல்டர் என்று பட்டியலிடப்பட்டவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 1: டெட்லைனை நம் நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்

கேம்வீக்கின் (ஒரு சுற்று லீக் ஆட்டங்களின்) முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்னால் டெட்லைன். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால் அங்கே காலை 11 மணிக்குக் கதவு மூடிவிடும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது கோடைக்கால நேரத்தில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 4.30. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு மாலை 6 அல்லது 7. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த இரண்டு வாரமும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் இருக்கும் வாரங்கள்தான் நமக்கு ஆபத்து. அங்கே இரவு 8 மணி ஆட்டம் என்றால் டெட்லைன் மாலை 6.30. நமக்கு அது கோடையில் இரவு 11, குளிர்காலத்தில் நள்ளிரவு 12. சனிக்கிழமை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனவர்கள் அந்த வாரத்தை அப்படியே இழக்கிறார்கள். வார நடுவில் வரும் கேம்வீக்குகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு கேம்வீக் முடிந்ததும் அடுத்த டெட்லைனை ஃபோனில் அலாரமாக வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் முன்னதாகவே அடிக்கிற மாதிரி.

படி 2: ஆடுவாரா, எத்தனை நிமிடம் ஆடுவார்?

திறமை, ஃபார்ம், எதிரணி எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்வி வருகிறது. மைதானத்தில் இல்லாதவர் புள்ளி எடுக்க முடியாது.

வாரத் தொடக்கத்தில் அணியைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் முக்கோணக் கொடி இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் கொடியில் 75, 50, 25 என்று வாய்ப்புச் சதவீதம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் இந்த வாரம் இல்லை. ஆனால் கொடியை மட்டும் நம்பாதீர்கள். மேனேஜர்களின் பத்திரிகையாளர் சந்திப்பு பெரும்பாலும் வியாழனும் வெள்ளியும் நடக்கும். உண்மையான செய்தி அங்கேதான் வரும். அதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபர் செய்வது பாதித் தகவலோடு முடிவெடுப்பதற்குச் சமம்.

கிளப் வார நடுவில் ஐரோப்பியப் போட்டி ஆடுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் செவ்வாய், புதனில். யூரோப்பா லீக் வியாழனில். புதன் இரவு வெளியூரில் 90 நிமிடம் ஆடிய விங்கர் சனி மதியம் 60ஆவது நிமிடத்தில் வெளியே வருவது சகஜம். மான்செஸ்டர் சிட்டியில் அடிக்கடி ஆளை மாற்றிப் பேர்பெற்ற பெப் குவார்டியோலா மாதிரி மேனேஜரின் அணியில் இது இன்னும் அதிகம். சிட்டியின் தாக்குதல் மிட்ஃபீல்டர் ஒருவரை வாங்கிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நொந்துபோகாத எஃப்பிஎல் ஆட்டக்காரர் இல்லை என்றே சொல்லலாம்.

சர்வதேச இடைவேளைக்குப் (வீரர்கள் தேசிய அணிக்கு ஆடுவதற்காக லீக் நிற்கும் நாட்கள்) பிறகு வரும் கேம்வீக்கில் தென் அமெரிக்க வீரர்களைத் தனியாகக் கவனியுங்கள். அவர்களுடைய தேசிய அணி ஆட்டம் ஐரோப்பிய நேரப்படி புதன் அதிகாலை வரை போகலாம். விமானம் பிடித்து வந்து சேர வியாழன் ஆகிவிடும். அந்த கிளப்புக்கு சனி மதியமே ஆட்டம் என்றால் முதல் பதினொன்றில் இருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மஞ்சள் அட்டைகளையும் எண்ணி வையுங்கள். கிளப்பின் முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் வாங்கினால் ஓர் ஆட்டம் தடை. 32 ஆட்டங்களுக்குள் 10 வாங்கினால் இரண்டு ஆட்டம். 4 மஞ்சளோடு நிற்கும் தற்காப்பு மிட்ஃபீல்டரை நவம்பரில் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

படி 3: போன வாரப் புள்ளியைத் துரத்தாதீர்கள்

வாரக் கடைசி முடிந்ததும் எல்லோர் கண்ணும் போவது அதிகப் புள்ளி எடுத்தவர் மேல்தான். அவரை உடனே வாங்கத் தோன்றும். 3 வாரமாக ஒன்றும் எடுக்காத நம் ஆளை விற்கத் தோன்றும். இரண்டு ஆசையும் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அப்போது டாட்டன்ஹாமில் ஆடிய சன் ஹியுங்-மின் ஒருவரே போதும்.

2021-22இல் 23 கோல் அடித்தவர் அவர். அடுத்த பருவம் தொடங்கியதும் கோலே வரவில்லை. பொறுமை இழந்து பலர் விற்றார்கள். 2022 செப்டம்பரில் லெஸ்டருக்கு எதிரான ஆட்டத்தில் மேனேஜரே அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார். மாற்று ஆளாக உள்ளே வந்த சன் ஹாட்ரிக் அடித்தார், ஆட்டம் 6-2. விற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். சரி, அதைப் பார்த்து மறுபடி வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? அந்தப் பருவத்தை சன் முடித்தது 10 லீக் கோலோடு. அதில் மூன்று அந்த ஒரே நாளில் வந்துவிட்டது. மீதமிருந்த எட்டு மாதத்துக்கு ஏழு கோல்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கடைசி ஆறு முதல் எட்டு ஆட்டங்களில் அவருக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்று பாருங்கள். எதிர்பார்க்கப்பட்ட கோல், எதிர்பார்க்கப்பட்ட அசிஸ்ட் என்கிற கணக்கை எஃப்பிஎல் தளத்திலேயே புள்ளிவிவரப் பகுதியில் காட்டுகிறார்கள். ஒரு ஷாட் எந்த இடத்திலிருந்து, எப்படிப்பட்ட சூழலில் அடிக்கப்பட்டது, அது கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டுக் கூட்டிய எண் அது. நல்ல இடத்துக்கு வந்து ஷாட் அடித்தும் கோல் கிடைக்காதவரைப் பிடித்து வைக்கலாம். இரண்டே ஷாட்டில் இரண்டு கோல் அடித்தவரை வாங்க அவசரப்பட வேண்டாம்.

ஆனால் பிடித்து வைப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். செல்சியின் கோல் பால்மர் 2025 ஜனவரி நடுவில் கோல் அடித்த பிறகு மே மாதம்தான் அடுத்த லீக் கோலைப் பார்த்தார். பெனால்டி அடிப்பவர், நட்சத்திர வீரர், ஒவ்வொரு வாரமும் ஆடுகிறவர். எல்லாம் சரிதான். ஆனால் அவ்வளவு விலை கொடுத்து மூன்றரை மாதம் ஒருவரை வைத்திருந்தால் அந்தப் பணம் முடங்கிப்போகும். என் கணக்கு இது: வாய்ப்புகளின் எண்ணிக்கையும் குறைகிறது, அடுத்து வரும் எதிரணிகளும் கடினம் என்றால் பெயரைப் பார்க்காமல் விற்றுவிடலாம். இரண்டில் ஒன்றுதான் மோசம் என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம்.

படி 4: ஃபிக்சர்களை (வரவிருக்கும் ஆட்டங்களை) தொகுப்பாகப் பாருங்கள்

தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை கடினத்தன்மை எண் கொடுத்திருக்கிறார்கள், நிறமும் சேர்த்து. தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு: ஒரே எண்ணைத் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் வைக்கிறது. நிறைய கோல் அடித்து நிறைய கோல் வாங்கும் அணியை எதிர்த்து ஆடும்போது உங்கள் ஃபார்வர்டுக்குக் கொண்டாட்டம், டிஃபென்டருக்குத் திண்டாட்டம். ஆகவே தாக்குதல் வீரரை வாங்கும்போது எதிரணி எவ்வளவு கோல் விடுகிறது என்பதையும், தற்காப்பு வீரரை வாங்கும்போது எதிரணி எவ்வளவு கோல் அடிக்கிறது என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். சொந்த மைதானத்தையும் வெளியூரையும் பிரித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஐந்தாறு ஆட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, எந்த கிளப்புக்கு எப்போது கடினம் முடிந்து லேசு தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஓட்டம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் வாங்கினால் கூட்டம் சேர்வதற்கு முன்பே விலை உயராமல் கிடைக்கும். லேசான நான்கு ஆட்டத்தில் மூன்று முடிந்த பிறகு வாங்குவதுதான் வீண். அவர் எடுக்க வேண்டிய புள்ளியை மற்றவர்கள் எடுத்து முடித்திருப்பார்கள்.

தற்காப்புப் புள்ளி வந்த பிறகு டிஃபென்டர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. எவர்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி மாதிரி பந்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் சென்டர்பேக்குக்கு, வலுவான எதிரணி வந்தால் கிளீன் ஷீட் போகலாம், ஆனால் வேலை அதிகமாவதால் அந்த 2 புள்ளி கிடைக்கும் வாய்ப்பும் கூடும். செல்சியின் மொய்சஸ் கைசெடோ மாதிரியான நடு மிட்ஃபீல்டர்களை முன்பெல்லாம் யாரும் சீந்தியதில்லை. இப்போது ஐந்தாவது மிட்ஃபீல்டர் இடத்துக்கு நம்பகமான ஆள் அவர்கள்தான்.

படி 5: மாற்றுவதா, சேர்த்து வைப்பதா, 4 புள்ளி கொடுப்பதா

வாரத்துக்கு ஓர் இலவச டிரான்ஸ்ஃபர். பயன்படுத்தாவிட்டால் சேரும், அதிகபட்சம் 5 வரை. 2024-25க்கு முன் 2க்கு மேல் சேராது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இன்னும் பழைய பழக்கத்திலேயே வாரா வாரம் யாரையாவது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அந்த அவசரம் தேவையே இல்லை.

இரண்டு டிரான்ஸ்ஃபர் ஒன்றாகக் கையில் இருந்தால் செய்ய முடிகிற வேலையே வேறு. 9 மில்லியன் மிட்ஃபீல்டரையும் 5.5 மில்லியன் ஃபார்வர்டையும் விற்று, 6.5 மில்லியன் மிட்ஃபீல்டரும் 8 மில்லியன் ஃபார்வர்டும் வாங்கலாம். அணியின் அமைப்பையே மாற்றலாம். ஒவ்வொன்றாகச் செய்தால் நடுவில் பணம் இடிக்கும். ஆகவே அணியில் 11 பேரும் ஆடுகிறார்கள், அவசரக் காயம் எதுவும் இல்லை என்றால் அந்த வாரம் ஒன்றும் செய்யாமல் விடுவதே பெரும்பாலும் நல்ல முடிவு. 5 சேர்ந்துவிட்டால் மட்டும் ஒன்றையாவது பயன்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரத்தது வீணாகும்.

இலவசம் தீர்ந்த பிறகு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் 4 புள்ளி கழியும். ஹிட் என்று சொல்வது இதைத்தான். புதியவர் அடுத்த ஐந்து வாரத்தில் பழையவரை விட 4 புள்ளி கூடுதலாக எடுத்துவிடுவார், அதனால் ஹிட் லாபம் என்று நினைக்கிறோம். அந்தக் கணக்கு தவறு. அடுத்த வாரம் இலவச டிரான்ஸ்ஃபரில் அதே ஆளை வாங்க முடியும் என்றால், நீங்கள் 4 புள்ளி கொடுத்து வாங்குவது இந்த ஒரு வாரத்தை மட்டும்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஒரே வாரத்தில் இவர் அவரை விட 4 புள்ளிக்கு மேல் எடுப்பாரா?

நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல ஆளைப் போட்டால் ஒரே வாரத்தில் அவ்வளவு வித்தியாசம் வருவது அரிது. ஆடவே போகாத ஒருவர் முதல் பதினொன்றில் இருக்கிறார், பெஞ்சிலும் ஆள் இல்லை, வருகிறவர் இந்த வாரக் கேப்டனுக்கே தகுதியானவர் என்றால் ஹிட் நியாயம். அதே மாதிரி, அடுத்த வார இலவச டிரான்ஸ்ஃபருக்கும் ஏற்கெனவே வேறொரு வேலை காத்திருக்கிறது என்றாலும் நியாயம் உண்டு. அப்போது ஒரு வாரத்துக்கு மேலேயே பலன் கிடைக்கும். எட்டு புள்ளிக்கு மேல் கொடுக்க வேண்டிய நிலை வந்தால் வைல்ட்கார்டைப் (புள்ளி கழியாமல் அணியை முழுவதும் மாற்ற உதவும் சலுகை) பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரை நிறையப் பேர் வாங்கினால் இரவோடு இரவாக 0.1 ஏறும், விற்றால் இறங்கும். விற்கும்போது ஏறிய லாபத்தில் பாதிதான் நமக்கு, அதுவும் கீழ்நோக்கி முழுமையாக்கப்படும். 7.5க்கு வாங்கியவர் 8.0 ஆனால் விற்கும் விலை 7.7. இரண்டு வாரம் கழித்து அவரையே திரும்ப வாங்க 8.0 கொடுக்க வேண்டும், 0.3 நட்டம். நன்றாக ஏறியிருக்கும் ஒருவரைத் தற்காலிகமாக விற்க நினைத்தால் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

0.1 மிச்சம் பிடிக்க திங்கட்கிழமையே டிரான்ஸ்ஃபர் செய்கிற பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு நடக்கும் ஐரோப்பிய ஆட்டத்தில் அவர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தால் 0.1க்காக 4 புள்ளி போகும். அந்தக் கிளப்புக்கு வார நடுவில் ஆட்டம் இல்லை, நீங்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், விலை ஏறினால் பணம் போதாது என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் முன்கூட்டியே செய்யலாம்.

படி 6: கேப்டன்

கேப்டனின் புள்ளி இரண்டு மடங்கு. 2024-25இல் 38 வாரமும் சலாவைத் தவிர வேறு யாரையும் பார்க்காமல் கேப்டனாகவே வைத்திருந்தவருக்கு அவர் ஒருவரிடமிருந்தே 688 புள்ளி. டிரான்ஸ்ஃபருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியையாவது கேப்டனுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, இந்த வரிசையில் வடிகட்டுங்கள்.

நிமிடம் முதலில். 90 நிமிடம் ஆடக்கூடியவராக இருக்க வேண்டும். காயத்திலிருந்து திரும்புகிறவர், பெஞ்சிலிருந்து வரக்கூடியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேப்டன் வேண்டாம்.

அடுத்தது பெனால்டி. ஹாலண்ட், சலா, பால்மர், ஆர்சனலின் புகாயோ சாகா, மான்செஸ்டர் யுனைடெடின் புரூனோ ஃபெர்னாண்டஸ் எல்லாம் கேப்டன் பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததற்கு அவர்களுடைய கிளப்பில் பெனால்டி அடித்தவர்கள் அவர்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். ஆட்டம் மந்தமாகப் போனாலும் ஒரு பெனால்டியில் கணக்கு மாறிவிடும்.

அப்புறம் மைதானமும் எதிரணியும். ஹாலண்ட் தன் முதல் பிரீமியர் லீக் பருவத்தில் நான்கு ஹாட்ரிக் அடித்தார்: கிறிஸ்டல் பேலஸ், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், மான்செஸ்டர் யுனைடெட், உல்வ்ஸ். நான்கும் எதிஹாட் மைதானத்தில், சொந்த ஊரில். பெரிய ஆட்டக்காரர் எங்கு வேண்டுமானாலும் அடிப்பார்தான். 2021 அக்டோபரில் சலா ஓல்டு டிராஃபோர்டுக்கே போய் ஹாட்ரிக் அடித்து 24 புள்ளி எடுத்தார். ஆனாலும் மற்றதெல்லாம் சமமாக இருக்கும் இரண்டு பேரில் சொந்த மைதானத்தில் ஆடுகிறவரை எடுங்கள்.

கடைசியாக உச்சம், அதாவது நன்றாக அமைந்தால் எவ்வளவு எடுப்பார் என்பது. டிஃபென்டருக்குக் கிளீன் ஷீட்டோடு 6 வருவது எளிது, 15 வருவது கடினம். கேப்டன் இடத்துக்குத் தாக்குதல் வீரரே பொருத்தம். 2018 மார்ச்சில் வாட்ஃபோர்டுக்கு எதிராக சலா நான்கு கோல் அடித்த அன்று அவருக்கு 29 புள்ளி. கேப்டனாக வைத்திருந்தவர்களுக்கு 58. இப்படிப்பட்ட நாட்கள் யாருக்கு வர வாய்ப்பிருக்கிறதோ அவர்களிடம்தான் கேப்டன் பொறுப்பு இருக்க வேண்டும்.

இந்த வாரம் புதிதாக வாங்கியவரைக் கேப்டன் ஆக்கத் தோன்றுவது இயல்பு. வாங்கிய காரணம் இன்னும் மனதில் சூடாக இருக்கும். அவரை ஐந்து வாரத்துக்காக வாங்கினீர்கள், இந்த வாரத்துக்கு அவர்தான் சிறந்தவர் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன வரிசையில் அவரையும் மற்றவர்களோடு நிறுத்திப் பாருங்கள்.

வைஸ் கேப்டனும் பெஞ்சும்

கேப்டன் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால்தான் வைஸ் கேப்டனுக்கு இரட்டிப்பு போகும். 89ஆவது நிமிடத்தில் கேப்டன் உள்ளே வந்தால் கதை முடிந்தது: 1 புள்ளி, இரட்டித்து 2, வைஸ் கேப்டனுக்கு எதுவும் இல்லை. பாதிக் குணமான நட்சத்திரத்தைக் கேப்டன் ஆக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அவர் ஆடாமலே இருந்தால் நமக்கு நல்லது, பெஞ்சிலிருந்து வந்தால்தான் நட்டம். வைஸ் கேப்டனாக உங்கள் இரண்டாவது சிறந்த தேர்வை வையுங்கள். அவர் வேறு கிளப்பில், வேறு ஆட்டத்தில் இருந்தால் நல்லது. ஓர் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் இருவரும் சேர்ந்து போகாமல் இருப்பார்கள்.

பெஞ்சுக்கும் (15 பேரில் முதல் பதினொருவர் போக மீதி நால்வர்) இதே விதிதான். ஆடாதவருக்குப் பதில் பெஞ்ச் வரிசைப்படி ஆள் உள்ளே வருவார், குறைந்தது 3 டிஃபென்டர், 2 மிட்ஃபீல்டர், 1 ஃபார்வர்டு இருக்கும்படி. சந்தேகத்தில் இருக்கும் வீரர் அணியில் இருந்தால் முதல் மாற்றாளாக நிச்சயம் 90 நிமிடம் ஆடுகிறவரை வையுங்கள்.

எல்லோரிடமும் இருக்கும் வீரர்

100 பேரில் 60 பேர் ஒருவரை வைத்திருக்கிறார்கள், அதில் 50 பேர் கேப்டனும் ஆக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேப்டனுக்கு இரட்டிப்பு என்பதால் அவருடைய செயல்படு உரிமை (வைத்திருப்பவர்கள், கேப்டன் ஆக்கியவர்கள் இரண்டையும் கூட்டிய எண்) 110 சதவீதம். அவர் 15 எடுத்தால் சராசரி ஆட்டக்காரருக்கு அவரிடமிருந்து 16.5 கிடைக்கிறது. வைத்திருந்து கேப்டன் ஆக்காத உங்களுக்கு 15. இழப்பு 1.5 மட்டும்தான். வைத்திருக்கவே இல்லை என்றால் இழப்பு 16.5.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, அப்படிப்பட்ட வீரரை அணியில் வைத்திருப்பதுதான் முக்கியம், கேப்டன் ஆக்காமல் விடுவது பயப்படுகிற அளவு ஆபத்தில்லை. வேறொருவர் இந்த வாரம் உண்மையிலேயே மேல் என்று தோன்றினால் தைரியமாகக் கொடுக்கலாம். மினி லீக்கில் (நண்பர்களுக்குள் நடக்கும் சிறு போட்டியில்) முன்னால் இருந்தால் பின்னால் வருகிறவர் யாரைக் கேப்டன் ஆக்குவாரோ அவரையே நீங்களும் ஆக்கினால் இடைவெளி அப்படியே நிற்கும். ஏப்ரலில் 60 புள்ளி பின்தங்கியிருந்தால் தலைவரின் கேப்டனையே எடுப்பதில் பயனில்லை, இரண்டாவது சிறந்த தேர்வை எடுங்கள். ஐந்தாவது தேர்வு வரை போக வேண்டாம். அக்டோபரில் இதையெல்லாம் பார்க்கவே தேவையில்லை, யார் அதிகம் எடுப்பார் என்று மட்டும் பாருங்கள்.

சிப்கள் வரும் வாரம்

சிப் என்பது சிறப்புச் சலுகை. வைல்ட்கார்டு, ஃப்ரீ ஹிட் (ஒரே வாரத்துக்கு மட்டும் அணியை மாற்றுவது), பெஞ்ச் பூஸ்ட் (பெஞ்சில் இருப்பவர்களின் புள்ளியும் சேர்வது), ட்ரிபிள் கேப்டன் (கேப்டனின் புள்ளி மும்மடங்கு) நான்கும் 2025-26 விதிப்படி ஒரு பருவத்தில் இரண்டு முறை கிடைக்கும். முதல் தொகுப்பை 19ஆவது கேம்வீக் டெட்லைனுக்குள் பயன்படுத்தாவிட்டால் போய்விடும். வைல்ட்கார்டோ ஃப்ரீ ஹிட்டோ போட்டாலும் சேர்த்து வைத்த இலவச டிரான்ஸ்ஃபர் அழியாது.

கோப்பைப் போட்டிகளால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போகும்போது சில கிளப்புகளுக்கு ஒரு வாரம் ஆட்டம் இருக்காது, பிறகொரு வாரம் இரண்டு இருக்கும். கரபாவோ கோப்பை இறுதியும் எஃப்ஏ கோப்பை அரையிறுதியும் இதற்கு வழக்கமான காரணங்கள். இரட்டை ஆட்டம் உள்ள வாரத்துக்காக இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே டிரான்ஸ்ஃபரைச் சேர்த்து வாருங்கள். அந்த வாரம் கேப்டன் பொதுவாக இரட்டை ஆட்டக்காரர்தான், ஆனால் இரண்டிலும் ஆடுவார் என்கிற நம்பிக்கை வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் ஓய்வு கொடுக்கப்படக்கூடிய ஒருவருக்கு ட்ரிபிள் கேப்டன் போடுவது சிப்பை வீணடிப்பதுதான்.

டெட்லைனுக்கு ஒரு மணி நேரம் முன்னால்

லைன்அப் (களமிறங்கும் பதினொருவர் பட்டியல்) வெளிவருவது டெட்லைனுக்குப் பிறகுதான், ஆகவே அதற்காகக் காத்திருக்க முடியாது. கையில் இருக்கும் செய்தியோடு முடிக்க வேண்டும். கொடிகளை மறுபடி ஒருமுறை பாருங்கள், வெள்ளிக்கிழமைச் சந்திப்பில் உங்கள் கேப்டனைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபரை உறுதிசெய்யுங்கள். கேப்டன், வைஸ் கேப்டன், பெஞ்ச் வரிசை, இந்த மூன்றையும் சேமித்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்து, உண்மையிலேயே சேமித்திருக்கிறதா என்று சரிபாருங்கள். யாரை எதற்காக வாங்கினீர்கள், எத்தனை வாரத்துக்காக என்று ஒரே வரியில் ஃபோனில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அவர் 2 புள்ளி எடுத்து, கை விற்கும் பொத்தானை நோக்கிப் போகும்போது முதலில் அந்த வரியைத் திறந்து படியுங்கள்.